பழைய ஐயாவின் சிமிழ்

எங்கள் தீவில் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் மூன்று ஓட்டோவில் அடங்கிவிடுவோம். நான் சொல்லப்போகும் காலத்தில் பதினொரு பேர் இருந்தோம். சுற்றிவரச் சைவக்காரர், ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் றோமன் சபையினர், நடுவில் நாங்கள். சரவணையில் பஸ்சுக்கு நிற்கும்போது யாராவது, "வேதக்காரரிலை நீங்கள் எந்தப் பகுதி?" என்று கேட்டால், நான் விளக்கத் தொடங்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். இவ்வளவு சின்னச் சபைக்குள்ளும் இரண்டு கட்சி இருந்தது என்று சொன்னால் வெளியார் சிரிப்பார்கள். நானே சிரித்திருக்கிறேன். அந்தக் கட்சிகளில் ஒன்றில் என் சொந்த அண்ணை இருந்தபடியால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

அண்ணை தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அண்ணி காலமான பிறகு தனியே இருந்தார். அவருடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். மதியச் சாப்பாடு என் குசினியில் இருந்து போகும். பத்திரிகை அவரிடமிருந்து வரும், படித்த இடங்களில் பேனாவால் கோடு போட்டு. நான் முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள். ஒரு விடயத்தில் சரி எது, பிழை எது என்று முடிவாகிவிட்டால் பிறகு அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அண்ணைக்கு அந்தப் பொறுமை அளவுக்கு மிஞ்சியே இருந்தது.

எங்கள் ஆலயத்துக்கென்று தனிக் குருவானவர் கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு வந்து நற்கருணை ஆராதனை நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே செபம் வாசித்து, பாட்டுப் பாடி, கலைந்து போவோம். குருவானவர் வரும் நாளில், கிறிஸ்துவின் உடலென்று நாங்கள் உண்ணும்படி அவர் ஆசீர்வதித்த மெல்லிய கோதுமை அப்பத்தில் கொஞ்சத்தை எடுத்து வைப்பது வழக்கம். நோயாளிகளுக்கும் நடமாட முடியாத வயதானவர்களுக்கும் அடுத்த மாதம் வரைக்கும் அதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த அப்பம் ஆலயத்துச் சுவரில் பதித்த சின்ன அலுமாரிக்குள், வெள்ளிச் சிமிழ் ஒன்றில் இருக்கும். அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பும், அப்பத்தை வீடுகளுக்குக் கொண்டுபோக அனுமதித்துப் பேராயர் கையெழுத்து வைத்த கடிதமும் என்னிடம் இருந்தன. கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னது அண்ணைதான். நான் மாட்டவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை.

பிறகு அப்படி வந்துபோன குருவானவர், நாங்கள் இப்போது பழைய ஐயா என்று சொல்பவர், வயது காரணமாக ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஒரு பெண். மலையகத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தையும் தீவையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தால் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, கலைந்த தலைமயிரைக் கையால் அமர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அயல்வீட்டுச் சைவக்கார அம்மா படலையில் நின்று பார்த்துவிட்டு, "ஐயர் வரேல்லையோ? ஐயரம்மாவைத் தனிய அனுப்பிப் போட்டாரோ?" என்று என்னிடம் கேட்டா. இவதான் ஐயர் என்று சொன்னேன். "அதுவும் நல்லதுதான்," என்று சொல்லிப்போட்டு முருங்கைக்காய் பிடுங்கப் போய்விட்டா. எங்கள் சபையிலும் விடயம் அவ்வளவு சுலபமாக முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

அந்த முதல் ஞாயிறு அண்ணை வழமைபோல முன்வரிசையில் இருந்தார். எல்லாப் பாட்டையும் பாடினார். பிரசங்கத்தைக் கண்ணை மூடாமல் கேட்டார். அப்பம் வாங்க எல்லாரும் எழும்பி முன்னே போனபோது அவர் மட்டும் வாங்கிலில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். அவரோடு சேர்த்து மூன்று பேர் போகவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் மற்ற இருவரும் மெல்ல எழும்பி வந்துவிட்டார்கள். எதனால் மனம் மாறியது என்று நான் அவர்களைக் கேட்கவில்லை. அண்ணை எழும்பவில்லை.

மரியாதைக் குறைவாக அவர் ஒருநாளும் நடக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஸ்கூட்டரை நிழலில் விடச் சொல்லிக் காட்டியவர் அவர். குருவானவருக்கென்று ஆலயத்துக்குக் கதிரை கொண்டுவந்து போட்டவரும் அவர்தான். "பிள்ளை" என்று கூப்பிட்டார். ஆனால் பெண் ஒருவர் ஆசீர்வதித்த அப்பம் அவருக்கு வெறும் அப்பம்தான். பன்னிரண்டு சீடரும் ஆண்கள், இரண்டாயிரம் வருட வழக்கம், அதைக் கொழும்பில் கூடி வாக்கெடுத்து மாற்றேலாது என்பது அவருடைய கட்சி. என்னுடைய கட்சிக்கு நான் சொல்லிக்கொள்ளும் நியாயங்களும் இருந்தன. உண்மையைச் சொன்னால், அந்தப் பிள்ளையின் பிரசங்கம் பதினொரு நிமிடத்தில் முடிந்ததும் எனக்குப் பெரிய நியாயமாக இருந்தது.

எங்கள் வாக்குவாதம் பெரும்பாலும் பத்திரிகையை வைத்துத்தான் தொடங்கும். இங்கிலாந்துச் சபையில் ஆணும் ஆணும் சேர்ந்து வாழும் சோடிகளுக்கு ஆசீர்வாதம் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள், அதற்கு ஆபிரிக்கப் பேராயர்கள் எதிர்ப்பு என்று செய்தி வந்த நாளில் கோடு போட்ட பத்திரிகையோடு அவரே நேரில் வந்துவிட்டார்.

"பார்த்தியோ? இது இப்பிடித்தான் போய் முடியும் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

"முடிஞ்சிட்டுதோ, அண்ணை? எனக்கெண்டால் தொடங்கினது மாதிரித்தான் கிடக்கு."

அன்று பின்னேரம் லண்டனில் இருக்கும் மகளுக்கு எடுத்து இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள், "எங்கட சேர்ச்சிலயும் நடந்தது அப்பா, நான்தான் கேக் செய்து குடுத்தனான்," என்றாளாம். இரண்டு கிழமை அவர் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாவது கிழமை தானே எடுத்து, கேக் நல்லா வந்ததோ என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அவருடைய பிடிவாதம் எப்போதும் இப்படி ஒரு சின்ன வழி விட்டுத்தான் இருக்கும். அந்த வழியை நான்தான் பல நேரங்களில் தேடவில்லை.

தேடியவர் அந்தக் குருவானவர். நான்காம் மாதம் ஆராதனை முடிய அண்ணை வீட்டில் சாப்பிட வந்தார். சமையல் என்னுடையது. கணவாய்க் கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, நேரே கேட்டார்.

"ஐயா, நாலு மாசமா நீங்க நற்கருணை எடுக்கல."

"அது உம்மிலை உள்ள குறை இல்லை, பிள்ளை."

"தெரியும் ஐயா. உங்களுக்கு எப்படி இருந்தா சரிவரும்? அதைச் சொல்லுங்க."

இப்படிக் கேட்பார் என்று அண்ணை எதிர்பார்க்கவில்லை. வாதத்துக்குத்தான் ஆயத்தமாக இருந்தவர். தடுமாறி, பழைய ஐயா யாழ்ப்பாணத்தில் வீட்டில் சிலவேளை ஆராதனை வைக்கிறவர், அவர் ஆசீர்வதித்த அப்பம் கிடைத்தால் போதும் என்றார்.

"சரி. நானே வாங்கிக் கொண்டாந்து தர்றேன்," என்றார் குருவானவர்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. படலையடியில் அவரை மறித்தேன். உங்களை ஒரு குருவாகவே மதிக்காத ஆளுக்கு நீங்களே ஏவல் செய்யப் போறீங்களோ என்று கேட்டேன். அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், அவர் நாலு மாசமா பட்டினி கிடக்கிறார்," என்று மட்டும் சொன்னார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. திரும்பி வந்து அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். பெண் ஆசீர்வதித்தால் செல்லாது, பெண் சுமந்துகொண்டு வந்தால் மட்டும் செல்லுமோ என்று கேட்டேன்.

"கடிதத்தை ஆர் எழுதினது எண்டதுதான் முக்கியம். ஆர் கொண்டு வாறது எண்டதிலை ஒண்டுமில்லை," என்றார், தபாற்கந்தோர்க் குரலில்.

அன்றிலிருந்து அலுமாரிக்குள் இரண்டு சிமிழ். வெள்ளிச் சிமிழில் குருவானவர் ஆசீர்வதித்த அப்பம். மூடி இறுக்கமான எவர்சில்வர்ச் சிமிழில் பழைய ஐயா ஆசீர்வதித்தது. இரண்டும் ஒரே இடத்தில் வாங்கிய, ஒரே அளவான, வெள்ளை வட்ட அப்பங்கள். ஆராதனை முடிந்த பிறகு அண்ணை மட்டும் முன்னால் வந்து நிற்பார். நான் எவர்சில்வர்ச் சிமிழைத் திறந்து கொடுப்பேன். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார்.

"பழைய ஐயாவின்ரைதானே?"

"ஓம்."

அதன் பிறகுதான் கையை நீட்டுவார். எனக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். நான் என்ன, ஏமாற்றிக் கொடுக்கப் போகிறேனா என்று நினைப்பேன்.

அடுத்த வருடம் அண்ணைக்கு நெஞ்சு பலவீனமாகிக் கால்கள் வீங்கத் தொடங்கின. முதலில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி, பிறகு யாழ்ப்பாணம். இனி வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதன் பொருள் எனக்கும் விளங்கியது, அவருக்கும் விளங்கியது. நடக்க முடியாமற் போனபடியால் ஒவ்வொரு ஞாயிறும் செபம் முடிந்ததும் நான் சிமிழோடு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் சாய்மனைக் கதிரையில் சுத்தமான வேட்டியோடு காத்திருப்பார். போகிற நேரத்தில் சரியான அப்பத்தோடு போகவேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு அப்போது மிஞ்சியிருந்த ஆசை. அதை அவர் வாய்விட்டே சொன்னார். மகள் வரலாம், வராமல் விடலாம், அது அவளுடைய வேலையைப் பொறுத்தது, ஆனால் இது உன்னுடைய கையில் கிடக்கு என்றார்.

கார்த்திகை மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை ஆலயத்தைத் துப்புரவாக்கப் போனேன். கூரை ஒழுகி அலுமாரிச் சுவர் நனைந்திருந்தது. உள்ளே சிற்றெறும்பு. இரண்டு சிமிழையும் வெளியே எடுத்து மேசையில் வைத்து, அப்பங்களை இரண்டு கோப்பைத் தட்டுகளில் கொட்டினேன். வெள்ளிச் சிமிழில் இருந்தவை இடப்பக்கத் தட்டில், எவர்சில்வரில் இருந்தவை வலப்பக்கத் தட்டில். ஒவ்வொன்றிலும் நான்கு. எறும்பு அப்பத்தில் ஏறியிருக்கவில்லை. சிமிழ்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது காற்றுக்கு யன்னல் அடித்துத் திறந்து மழை உள்ளே வந்தது. ஓடிப்போய்ப் பூட்டினேன். திரும்பி வந்தவள் மேசையின் மற்றப் பக்கத்தில் நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினேன். ஒரு தட்டைக் கையில் எடுத்த பிறகுதான் பொறி தட்டியது. இப்போது என் வலப்பக்கம் எது? போகும்போது தட்டுகளை யன்னல் காற்றுக்கு ஒதுக்கி நகர்த்தினேனா? நகர்த்தினேன். எந்தப் பக்கமாக?

நினைவில்லை. வடிவக்கணிதத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பிழைக்குப் புள்ளி குறைத்திருப்பேன்.

அந்த நேரம் நான் செய்திருக்க வேண்டியது சிரமமான காரியமே இல்லை. ஆசீர்வதித்த அப்பத்தை எறிய முடியாது. எட்டையும் நானே உண்டு முடித்துவிட்டு, குருவானவருக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் புதிது வந்திருக்கும். நான் எடுக்கவில்லை. இடத் தட்டில் இருந்ததை ஒரு சிமிழிலும் வலத் தட்டில் இருந்ததை மற்றதிலும் போட்டு மூடினேன். சரியாக இருக்கச் சந்தர்ப்பம் அரைக்கு அரை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. இரண்டும் ஒரே அப்பம்தானே, கடவுளுக்குத் தெரியாதா, அண்ணையின் கிறுக்குக்கு நான் ஏன் மழையில் அலைய வேண்டும் என்ற நினைப்பு. என்னுடைய கட்சிதான் சரி என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது.

அடுத்த நாள் அண்ணை கேட்டார்.

"பழைய ஐயாவின்ரைதானே?"

"ஓம்," என்றேன்.

கையை நீட்டினார். அப்பத்தை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல உண்டார். முகத்தில் ஒரு ஆறுதல். ஒரு தீங்கும் நடக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

இரண்டாம் கிழமையும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் கிழமை அவருக்குக் கை தூக்க முடியவில்லை. நாக்கில் வைக்கச் சொன்னார். வைப்பதற்கு முன், மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தக் கேள்வியை மட்டும் முழுதாகக் கேட்டார். அன்றும் "ஓம்" என்றுதான் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் குருவானவருக்கு அழைப்பு எடுத்தேன்.

அவர் என் பக்கம்தான் நிற்பார் என்று நினைத்தேன். அவருடைய அப்பமும் செல்லும் என்பதுதானே எங்கள் இருவரின் கட்சியும். நடந்ததை எல்லாம் அவர் முழுதாகக் கேட்டார்.

"டீச்சர், ஐயாகிட்டச் சொல்லிருங்க."

"சொன்னால் தாங்கமாட்டார். இருக்கப் போறது இன்னும் கொஞ்சக் காலம்தான், அம்மா. ரெண்டும் ஒண்டுதானே?"

"எனக்கு ஒண்ணுதான். உங்களுக்கும் ஒண்ணுதான். அவருக்கு இல்லையே. அவர் என்னத்தை வாங்குறார்னு அவருக்குத் தெரியணும் இல்லையா?" பிறகு, "நான் இப்பவே பழைய ஐயா வீட்டுக்குப் போய்க் கேட்டு, புதுசா வாங்கிட்டு வர்றேன். நான் வர்றதுக்குள்ள நீங்க சொல்லிருங்க," என்றார்.

அண்ணை தன்னைக் குருவாக ஏற்காததை அந்தப் பிள்ளை ஏற்றுக்கொண்டிருந்தார். நான்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணையின் மனச்சாட்சியை ஒரு வயதுபோன மனிதனின் அடமாக எண்ணி, அதன் மேல் என்னுடையதை வைத்து மூடியிருந்தேன். என்னை நானே முற்போக்கான ஆள் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலியால் குனிந்து அவருடைய வளவுக்குப் போனேன். கதிரைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு இருந்து, சனிக்கிழமை தொடக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, யன்னல், மேசையின் மற்றப் பக்கம். நான் முடித்த பிறகு கேட்டார்.

"எத்தினை கிழமை?"

"மூண்டு."

"முதல் கிழமையே உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அந்த "ஓம்" ஒன்றுதான் அந்த மூன்று கிழமையில் நான் அவருக்குச் சொன்ன உண்மையான "ஓம்".

"கடிதம் மாறிப் போறதெல்லாம் வழமை," என்றார். "நானும் மாத்திக் குடுத்திருக்கிறன். போய்ச் சொல்லி, வாங்கித் திருப்பிக் குடுத்தனான். நான் கேக்கேக்க ஏன் ஓம் எண்டனீ?"

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன். அவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

குருவானவர் வரும்போது பின்னேரம் நான்கு மணி இருக்கும். பாலத்தில் சரியான காற்று என்றார். மழைச்சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு சேர்த்துத் துணியில் சுற்றிய சிமிழ். ஈரக்காலைப் படியில் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். அண்ணை அவரைப் பார்த்தார்.

"பழைய ஐயாவின்ரைதானே, பிள்ளை?"

"ஆமா ஐயா. மத்தியானம் அவர் கையால வாங்கினேன். நான் மூடியைத் திறக்கல."

"நீரே தாரும்," என்றார் அண்ணை.

எழும்பி இடம் விட்டேன். குருவானவர் முழங்காலில் நின்று அப்பத்தை அவருடைய நாக்கில் வைத்தார். பெண்ணின் ஆசீர்வாதம் செல்லாது என்ற கட்சியை அவர் அன்றும் விடவில்லை. கடைசிவரை விடவில்லை. கொண்டு வருகிற ஆளைப் பற்றித்தான் அவருடைய எண்ணம் மாறியிருந்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் என்னோடு கதைக்காமல் விடவில்லை. கஞ்சி கேட்டார், பத்திரிகையை வாசிக்கச் சொன்னார், கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொன்னார். லண்டனில் இருந்து மகள் வந்து பத்து நாள் நின்றபோது, எல்லாவற்றையும் தங்கச்சிதான் பார்க்கிறாள் என்று என்னைப் புகழ்ந்தார். ஆனால் அப்பம் மட்டும் என் கையால் வாங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம், தனக்குள்ள மற்ற இரண்டு ஆலயங்களின் வேலையை முடித்துக்கொண்டு, குருவானவர் அந்தப் பாலத்தால் வந்து போனார். மகள் திரும்பிப் போகும்போது குருவானவரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். என்னையும் கட்டிப்பிடித்தாள். சிமிழ் விடயத்தை அண்ணை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலமை அண்ணைக்கு மூச்சு மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று கையால் காட்டினார். குருவானவருக்குச் சொன்னேன், உடனே வெளிக்கிடுகிறேன் என்றார். அலுமாரியில் எவர்சில்வர்ச் சிமிழ் இருந்தது. அதற்குள் போன ஞாயிறு பழைய ஐயாவிடமிருந்து வந்த அப்பம், மூடியில் குருவானவர் தன் கையால் நாள் எழுதி ஒட்டிய துண்டோடு. ஓடிப்போய் எடுத்து வந்தேன். இந்த முறை ஒரு சந்தேகமும் இல்லை. கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று மூடியைத் திறந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வழமையான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே சொன்னேன்.

"பழைய ஐயாவின்ரைதான், அண்ணை. சத்தியமாய்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கோபமாக இல்லை. என் தலையில் கையைக்கூட வைத்தார். பிறகு, "அவ வரட்டும்," என்றார்.

நான் சிமிழை மூடி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வேலணைப் பக்கத்தில் வீதி வேலை நடந்தபடியால் வாகனங்களை மறித்து மறித்துத்தான் விட்டார்களாம். குருவானவர் வந்து சேர்ந்தபோது அண்ணை போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. உயிர் போகும்வரை அவர் கண் வாசலில்தான் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், அப்பம் என் மடியில் இருந்தது, அவர் அது இல்லாமலே போனார்.

குருவானவர் செபம் சொல்லி, அவருடைய கண்ணை மூடினார். அயல்வீட்டுச் சைவக்கார அம்மா வந்து விளக்குக் கொளுத்தவோ என்று கேட்டா, கொளுத்தச் சொன்னோம். பிறகு குருவானவர் என் மடியில் இருந்த சிமிழைப் பார்த்தார். அதை வாங்கி அலுமாரியில் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இனி இதைக் கேக்க ஆளில்ல, டீச்சர்," என்றார். "நீங்க எடுங்க."

மூடியைத் திறந்து ஒரு அப்பத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். நான் உடனே கையை நீட்டவில்லை. வாயில் அந்தக் கேள்வி வந்து நின்றது. என் வாழ்க்கையில் ஒருநாளும் நான் கேட்டிராத, கேட்பவரைப் பார்த்து எரிச்சல்பட்ட கேள்வி.

"பழைய ஐயாவின்ரைதானே?" என்று கேட்டேன்.

"ஆமா, டீச்சர்," என்றார்.

அதன் பிறகு கையை நீட்டினேன்.